அக்குள் காய்ந்துவிட்டதா?

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயில். முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மருந்து அடித்த ஒருவர் மதியம் வரப்பில் உட்கார்ந்தார், எழ முடியவில்லை. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, சட்டை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. வெயில் தாக்கிவிட்டது என்று நிழலில் படுக்கவைத்து மோர் கொடுக்கத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். தர்மபுரி மாவட்டத்து வெயிலுக்கு அது நியாயமான ஊகமும்கூட. ஆனால் வெயிலில் வாடியவருக்கு நாக்கு வறண்டிருக்கும்; இவருக்கோ வாயில் எச்சில் ஊறி வழிகிறது. இமையைத் தூக்கிப் பார்த்தால், நிழலில் விரிந்திருக்க வேண்டிய கண்பாவை கறுப்புப் புள்ளியாகச் சுருங்கிக் கிடக்கிறது. இது வெயில் செய்த வேலை இல்லை; பூச்சிமருந்து செய்த வேலை.

பூச்சிமருந்து நஞ்சை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை உண்டு. அதன் முடிவு வரும்வரை மருத்துவர் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. கண், காது, விரல் நுனி, ஒரு ஸ்டெதாஸ்கோப் போதும். நஞ்சு உடம்பில் எங்கே, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை உடம்பே காட்டிவிடும். எப்படிக் காட்டுகிறது என்பது உயிரியலின் அழகான கதைகளில் ஒன்று.

நரம்புகள் மின்சாரக் கம்பிகள் போலத் தசையோடு நேராக இணைந்திருக்கின்றன என்றுதான் வெகுகாலம் பலர் எண்ணினார்கள். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியலாளர் தூக்கத்தில் ஒரு சோதனையைக் கண்டார். விழித்து ஒரு தாளில் கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்பு மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே தொடாத இரண்டாவது இதயத்தின்மேல் விட, அதுவும் மெதுவானது. ஆக, நரம்பு தன் சேதியை ஒரு வேதிப்பொருளாக வெளியே ஊற்றுகிறது! அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். இத்தகைய பொருட்களுக்கு நரம்பியக்கடத்தி என்று பெயர்: ஒரு நரம்பின் முனையிலிருந்து புறப்பட்டு, எதிரே இருக்கும் செல்லின் ஏற்பியில் பொருந்திச் சேதி சொல்லும் மூலக்கூறு.

சேதி சொன்னால் மட்டும் போதாது, சொல்லி முடிக்கவும் வேண்டும். டவுன் பஸ் நடத்துநர் ஊதுகிற விசில் மாதிரி: ஒரு விசிலுக்கு ஒரு பொருள், இரண்டு விசிலுக்கு இன்னொரு பொருள். இடையில் அமைதி இருப்பதால்தான் ஓட்டுநருக்குப் புரிகிறது. விசில் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தால் வண்டியை எடுப்பதா நிறுத்துவதா என்று தெரியாது. அசிட்டைல்கோலின் விசில் என்றால், அதை உடனுக்குடன் நிறுத்துகிற வேலை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக்கு. நொதி என்பது உடம்பின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். இந்த நொதியின் வேகம் நம்ப முடியாதது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு விநாடியில் சுமார் 25,000 அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப் போடுகிறது. தர்மபுரி நகரத்து மக்கள் அனைவரையும் ஒருவர் விடாமல் எண்ணி முடிக்க இதற்குச் சில விநாடி போதும்.

வேகத்துக்கு ஒரு காரணம் இதன் உள்ளமைப்பில் இருக்கிறது. 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர், மின்சாரம் பாய்ச்சும் ஒருவகைத் திருக்கை மீனிலிருந்து இந்த நொதியை எடுத்து அதன் வடிவத்தைப் படம் பிடித்தார்கள். வேலை நடக்கும் இடம் மேற்பரப்பில் இல்லை. சுமார் 2 நானோமீட்டர் ஆழமுள்ள ஒடுங்கிய பள்ளத்தின் அடியில் ஒளிந்திருந்தது. அப்படிப்பட்ட 40,000 பள்ளங்களை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு தலைமயிரின் தடிமன் வரும். பூச்சிமருந்து போய் அடைத்துக்கொள்வது அந்தப் பள்ளத்தின் அடியில்தான்.

இந்தக் கண்டுபிடிப்புக்காக லோவிக்கும், இதே துறையில் ஆராய்ந்த ஹென்றி டேலுக்கும் 1936 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி, ஜெர்மனியின் லெவர்குசன் ஆய்வகத்தில் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லப் புது மருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் ஒரு பாஸ்பரஸ் சேர்மத்தை உருவாக்கினார். அடுத்த மாதம் அதில் ஒரு துளி மேசையில் சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்பாவை சுருங்கியது, பார்வை மங்கியது, மூச்சுத் திணறியது. தேற வாரக்கணக்கானது. பின்னாளில் டாபுன் என்ற பெயரில் போர் நஞ்சாகப் போன சேர்மம் அது. அந்த வழியில் பிறந்தவையே இன்று வயல்களில் அடிக்கப்படும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள். நரம்புச் சேதியின் கண்டுபிடிப்புக்குப் பரிசு தந்த மாதத்திலேயே, அந்தச் சேதியை முடக்கும் பொருளும் பிறந்திருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்து மனிதனை ஏன் தாக்க வேண்டும்? புழுவின் நரம்பு மண்டலத்திலும் அதே அசிட்டைல்கோலின், அதே நொதி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நமக்கும் பூச்சிக்கும் பொதுவான மூதாதை ஒன்று இந்த ஏற்பாட்டைக் கண்டெடுத்தது; இரு கிளைகளும் அதைக் கைவிடவே இல்லை.

நொதி அடைபட்டதும் சேதி நிற்காமல் ஒலிக்கிறது. அசிட்டைல்கோலின் எந்தெந்த உறுப்புக்கு ஆணையிடுகிறதோ அந்த உறுப்பெல்லாம் அளவு மீறி வேலை செய்கிறது. சுரப்பிகள் திறந்துகொள்கின்றன: கண்ணீர், எச்சில், வியர்வை, மூக்கில் நீர். குடல் முறுக்கி வாந்தியும் வயிற்றுப்போக்கும். சிறுநீர் தன்னால் போகிறது. இதயம் மெதுவாகிறது. கண்பாவை சுருங்குகிறது. இவை ஒரு வகை ஏற்பி வழியாக வருபவை. தசைகளில் வேறு வகை ஏற்பி; அங்கே தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் சதை துடித்து, பிறகு தளர்ந்துவிடும். மூளைக்குள் பதற்றம், குழப்பம், வலிப்பு. இவற்றில் உயிருக்கு நேராக உலை வைப்பது நுரையீரல்தான். மூச்சுக்குழல்களில் நீர் சுரந்து சுரந்து நிரம்புகிறது. வாயில் நுரை தள்ளுகிறது. மூச்சு விடுகிற தசைகளும் அதே நேரத்தில் சோர்கின்றன.

இதற்கு மாற்று மருந்து எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்தே வந்தது என்று சொல்லலாம். 1819-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஃபிரீட்லீப் ரூங்கே என்ற இளம் வேதியியலாளர் கவிஞர் கதேவின் முன் ஒரு பூனையைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெல்லடோனா செடியின் சாறு பட்ட கண்ணின் பாவை அகல விரிந்திருந்தது. வியந்த கதே ஒரு பிடி காப்பிக் கொட்டையைக் கொடுத்து இதையும் ஆராயச் சொன்னார். ரூங்கே காஃபீனைக் கண்டுபிடித்தது அதிலிருந்து. பூனையின் பாவையை விரித்த சாற்றில் இருந்தது அட்ரோபின். நம் ஊர்ச் சாலையோர ஊமத்தையிலும் அதே குடும்பத்து நஞ்சுகள்தான் இருக்கின்றன. (ஊமத்தை மருந்தாகாது. விதையில் எவ்வளவு நஞ்சு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது; அதைக் கொடுத்தால் ஒரு நஞ்சோடு இன்னொன்று சேரும்.)

அட்ரோபின் நொதியைத் தொடுவதே இல்லை. சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக்குழலிலும் இருக்கிற ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. விசில் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டுநர் காதில் பஞ்சு வைத்தாயிற்று. எவ்வளவு பஞ்சு வேண்டும் என்பது விசில் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணமாக இதயத் துடிப்பு குறைந்தவருக்கு 0.6 மில்லிகிராம், அதாவது ஒரு ஆம்பியூல், போட்டுப் பார்ப்பார்கள். பூச்சிமருந்து நஞ்சில் அது கடலில் கரைத்த பெருங்காயம். இலங்கையில் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை நிலைப்படுத்தச் சராசரியாக 23.4 மில்லிகிராம் தேவைப்பட்டது. ஏறக்குறைய 40 ஆம்பியூல்!

இங்கே ஒரு கணக்கு. 10 நிமிடத்துக்கு 2 ஆம்பியூல் என்று போட்டுக்கொண்டே போனால் 40-ஐத் தொட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுரையீரலில் நீர் நிறைந்தவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. எடில்ஸ்டன் குழுவினர் பரிந்துரைத்த வழி இது: முதலில் 3 ஆம்பியூல். ஐந்து நிமிடத்தில் பார். முன்னேற்றம் போதவில்லையா, இரட்டிப்பாக்கு. 3, 6, 12, 24. கால் மணி நேரத்துக்குள் 45 ஆம்பியூல் உள்ளே போய்விடும். நெல்மணியை இரட்டிப்பாக்கிக் கேட்டு அரசனைத் திணறவைத்த சதுரங்கக் கதையின் கணக்கு இங்கே உயிர் காக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் இந்த முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்ட சோதனை 2012-இல் வெளியானது. பழைய முறையில் 100-க்கு 22 பேருக்கு மேல் இறந்தார்கள். இரட்டிப்பு முறையில் 8 பேர். மருந்து அதேதான். போட்ட விதம் மட்டுமே மாறியது. இந்தச் சிகிச்சையில் என்னை மிகவும் அசரவைப்பது இந்த எண்தான்.

இரட்டிப்பை எப்போது நிறுத்துவது? இயந்திரம் எதுவும் சொல்லாது. ஐந்து இடங்களைப் பார்க்கிறார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் கொரகொரப்பு போய்க் காற்று தெளிவாக ஓடுகிறதா? நாடி நிமிடத்துக்கு 80-க்கு மேல் வந்துவிட்டதா? ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-ஐத் தாண்டியதா? கண்பாவை ஊசிமுனையிலிருந்து விரிந்ததா? ஐந்தாவது, அக்குள் காய்ந்துவிட்டதா? நெற்றியில் வியர்வை இல்லாதது ஃபேன் காற்றாலும் இருக்கலாம். அக்குளுக்குக் காற்று போகாது. அங்கே கையை வைத்து ஈரம் இல்லையென்றால், வியர்வைச் சுரப்பிகளுக்கு அட்ரோபின் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு செவிலியரின் விரல் நுனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய் வருவது ஓர் ஆய்வகப் பரிசோதனைக்கு ஈடு. ஐந்திலும் நெஞ்சுக்குத்தான் முதலிடம். கண்பாவை சோம்பேறி, மற்றதெல்லாம் சரியான பிறகும் மெதுவாகத்தான் விரியும்.

அட்ரோபின் மிஞ்சினாலும் உடம்பு சொல்லிவிடும். காய்ச்சல் ஏறும், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் குடலின் சத்தம் நின்றிருக்கும், நோயாளி குழம்பிப்போய்ப் படுக்கை விரிப்பைப் பிய்த்துப் பிய்த்து எடுப்பார். உடனே மருந்தை நிறுத்தி, தணிந்த பிறகு குறைந்த வேகத்தில் தொடர்வார்கள். இரு நஞ்சுகளுக்கு இடையே தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிற வேலை; இரண்டு மூன்று நாள் இரவு பகலாக நடக்கும்.

தசைக்கு அட்ரோபினால் பயனில்லை. அங்கே இருப்பது வேறு வகை ஏற்பி. அதற்கு நொதியையே மீட்க வேண்டும். 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வில்சன், நொதிப் பள்ளத்துக்குள் நுழைந்து, அடைத்திருக்கும் பாஸ்பரஸைப் பிடுங்கும்படி ஒரு மூலக்கூறைத் திட்டமிட்டார். அதன் ஒரு முனை நொதியின் ஈர்ப்பில் சிக்கும் மின்னூட்டம் கொண்டது. மறுமுனை சரியாக பாஸ்பரஸுக்கு எதிரே வந்து நிற்கும். மருத்துவமனையில் பாம் என்று சொல்லும் பிராலிடாக்சைம் அதுதான். தற்செயலாகக் கிடைக்காமல், பொருந்த வேண்டிய இடத்தைக் கணித்துச் செய்த தொடக்ககால மருந்துகளில் ஒன்று.

ஆனால் இதற்குக் கெடு உண்டு. நொதியில் ஒட்டிய நஞ்சு நேரம் போகப் போக இறுகிவிடும். முதிர்தல் என்று பெயர். முதிர்ந்த பிறகு பாம் போட்டும் பயனில்லை. ஒருவகை ஆர்கனோபாஸ்பேட்டில் சுமார் 4 மணி நேரத்திலேயே பாதி நொதி முதிர்ந்துவிடும். இன்னொரு வகையில் அதற்கு 33 மணி நேரம். இரண்டு புட்டிகளும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும். வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றி அனுப்பிய கோட்டூர் மலை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவரை இறக்கிக்கொண்டு வரும் நேரத்தில் முதல் வகையின் கெடு பெருமளவு தீர்ந்துவிடும். பாம் உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதிலேயே ஆய்வுகள் முட்டிக்கொள்கின்றன. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான சோதனை, இடைவிடாமல் ஏற்றினால் நல்ல பலன் என்றது. இலங்கையில் 235 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை. எந்த மருந்து, எவ்வளவு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது போலும். புட்டியைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று மருத்துவர்கள் கெஞ்சுவது இதனால்தான்.

முதல் நாள் தேறிவிட்டார், பேசுகிறார், வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். அப்போது இன்னொரு கண்டம் வரலாம். இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் காரள்ளித்தவும் 1987-இல் இதை உலகுக்கு விவரித்தார்கள். நஞ்சு ஏறி 24 முதல் 96 மணி நேரத்துக்குள், வியர்வையோ எச்சிலோ இல்லாமலே, கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடும். இடைநிலைத் தளர்ச்சி எனலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது. “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்” என்பார் மருத்துவர். நேற்று தூக்கியவர் இன்று தூக்க முடியவில்லை என்றால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. இன்னொன்று, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது. நலமாக உள்ளவர் 50 பக்கம் போவார். 20-க்கு முன்பே மூச்சு வாங்கினால் வென்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டும். இயந்திரம் சில நாளோ சில வாரமோ மூச்சை இழுத்துப் பிடித்தால் தசைகள் தாமாகத் திரும்பிவிடும்; வென்டிலேட்டர் அந்த அவகாசத்தை வாங்கித் தருகிறது.

மருத்துவமனைக்கு வெளியே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நஞ்சு தோல் வழியாகவும் இறங்கும். மருந்தில் நனைந்த உடையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டு உடம்பையும் தலைமுடியையும் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளட்டும். நினைவு மங்கியவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்க வைத்தால், மருந்தில் கலந்திருக்கும் எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாலும் மோரும் முறிக்காது. 108-ஐக் கூப்பிட்டுப் புட்டியோடு கிளம்ப வேண்டும். வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சும் என்று நம்பிக் கொடுக்கும் கரித்தூளையே இலங்கையில் 4,632 பேரிடம் சோதித்தார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று 2008-இல் அறிவித்தார்கள். மருத்துவமனைக் கரிக்கே அந்தக் கதி.

வரப்பில் விழுந்தவரோடு தொடங்கினேன். ஆனால் நம் மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் பெரும் பகுதியினர் வேதனையில் தாமே குடித்தவர்கள். பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் போட்ட திட்டம் இல்லை. சில நிமிடக் கொந்தளிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புட்டி. அந்தத் தூரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கைதான் சான்று. 1995 முதல் அங்கே மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. தப்பிய உயிர்கள் 93,000 என்று ஒரு மதிப்பீடு. தமிழக அரசும் 2023-இன் தொடக்கத்தில் 6 பூச்சிமருந்துகளை 60 நாட்களுக்குத் தடைசெய்தது. தடை நிலைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை புட்டியை வீட்டுக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வைப்பது ஒரு சிகிச்சைதான். மனம் தாளாத நேரத்தில் 104 அல்லது 14416-ஐ அழைக்கலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.

தேறி வீடு திரும்பும் தோட்டக்காரரிடம் மருத்துவர் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய சிவப்பணுக்களிலும் அதே நொதி உண்டு. முதிர்ந்து போனதைச் சிவப்பணுவால் மாற்றிக்கொள்ள முடியாது. அந்த அணு செத்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து புது அணு வந்தால்தான் நொதியும் புதிதாகும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். ஆகவே நொதி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் ஏறும். பார்க்க ஆள் நன்றாக இருப்பார், நடப்பார், சாப்பிடுவார்; கையிருப்பு மட்டும் பாதியில் நிற்கும். அந்த நேரத்தில் மறுபடி ஸ்பிரேயரை மாட்டினால், முன்பு தாங்கிய அளவைவிடக் குறைந்த அளவே அவரைச் சாய்த்துவிடும். ரத்தத்தில் நொதியின் அளவைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, அடுத்த போகத்துத் தக்காளிக்கு மருந்து அடிக்க அவர் போகக் கூடாது.